நாற்பதாம் தெருவின் தண்ணீர்

ஐப்பசி பிறந்து ஆறாம் நாள் பெய்த மழை முக்கால் மணி நேரத்தில் ஓய்ந்தது. கூரையிலிருந்து சொட்டுவது நிற்பதற்குள் மங்கையர்க்கரசியின் மேசைத் திரையில் அன்றைய பட்டியல் வந்துவிட்டது. நெருஞ்சிப்பாளையம் பேரூராட்சியின் அறுபத்திரண்டு தெருக்களும் வரிசையாக நின்றன. பதினேழாம் தெருவுக்கு எதிரே மட்டும் சிவப்பு. குரோமியம், அனுமதித்த அளவைப்போல ஒன்பது மடங்கு.

அவள் பட்டியலை இரண்டு முறை படித்தாள். பதினேழாம் தெருவில்தான் அவள் வீடு இருந்தது. வீட்டுக்குப் பின்கட்டில் அவள் கணவன் சிவநாதனின் முலாம் பட்டறை இருந்தது. குழாய்த் திருகுகளுக்கும் கதவுப் பிடிகளுக்கும் அங்கே பளபளப்பு ஏற்றுவார்கள். தெருவில் அதுபோல் நாற்பது பட்டறைகள்.

மழைநீரை ஊர் எல்லை தாண்டி விடுவதற்கே உரிமம் வேண்டும் என்று சட்டம் வந்து ஒன்பது வருடமாகிறது. ஊரின் ஓடை போய்ச் சேரும் கருவேலங்குளத்தை நம்பிப் பதினோரு கிராமங்கள் தண்ணீர் குடிக்கின்றன. சட்டம் வந்த கையோடு மழைநீர் அலுவலர் என்று ஒரு பதவி உண்டாகி, அதில் மங்கை உட்கார்ந்தாள். அப்போது அவளுக்கு முப்பத்து நான்கு வயது. குளத்தைக் காப்பாற்றப் போகிறோம் என்ற நினைப்பு உண்மையாகவே இருந்தது.

மாலையில் பேரூராட்சித் தலைவர் சென்னியப்பன் வந்தார். நூல் வியாபாரி. போன மாதம்தான் பதவிக்கு வந்தவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு அம்மணி. தண்ணி எல்லாஞ் சேந்து ஒரே ஓடையிலதான் போகுது. அதுல இது பதினேழாந் தெருத் தண்ணின்னு மெசினுக்கு எப்படித் தெரியும்?"

"தூள் போடறமுங்க, நம்மூருக்கு இந்த வருசந்தான் வந்துச்சு. விபூதியாட்ட நைசா இருக்கும். கண்ணுக்குத் தெரியாத உயிருங்க அது, ஆருக்கும் ஒண்ணும் பண்ணாது. அதுக்குள்ள ஒரு நெம்பர் எழுதியிருக்குது. தெருவுக்கு ஒரு நெம்பர். வாரம் ஒருக்கா அந்தந்தச் சாக்கடையில தூவறோம். தண்ணியில எந்த அழுக்கு வந்தாலும் அதுல போயி ஒட்டிக்கும். கடைசி மதகுல இருக்கற ரீடர் அழுக்கையும் பார்க்கும், அதுல ஒட்டியிருக்கற நெம்பரையும் படிக்கும்."

"கடுதாசிக்குப் பின்னால அனுப்புனவன் விலாசம் எழுதற மாதிரி."

"ஆமாங்க. அதனாலதான் முகவரித் தூள்னு பேரு."

"பதினேழு இதோட எத்தனை தடவை?"

"ரெண்டுங்க. மூணாவது தடவை சிவப்பு வந்தா தெருமுனையில ஷட்டர் தன்னால இறங்கிரும். அந்தத் தெருத் தண்ணி அந்தத் தெருவுலயே நிக்கும். சுத்தம் பண்ணிக் காட்டுற வரைக்கும் உரிமம் குடுக்கற ஆணையம் திறக்காது."

"ஊருக்கு?"

"எந்தத் தெருன்னு நாம காட்டிட்டா ஊருக்கு ஒண்ணுமில்லீங்க. காட்டாட்டி கடைசி மதகையே மூடிருவாங்க. மொத்த ஊரும் முழுகும்."

சென்னியப்பன் எழுந்து சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தின் அருகே போனார். விரலை மெதுவாக நகர்த்தி ஊரின் கிழக்கு ஓரத்தில் நிறுத்தினார்.

"இந்த நாற்பதாந் தெருவுக்கும் ரெண்டு சிவப்பு இருக்குதே."

"காலனிங்க. செப்டிக் டேங்க் ரொம்பி வழியுது. நாமதான் புதுசாக் கட்டித் தரோணும். மூணு வருசமா எழுதிப் போட்டுட்டு இருக்கறேன்."

அவர் விரலை நாற்பதிலிருந்து எடுக்கவில்லை.

"பதினேழு மூடுச்சுன்னா முந்நூறு குடும்பத்துக்கு வேலை போயிரும். உன்ற ஊடும் அங்கதான். தூள் டப்பாவுலதான இருக்குது? டப்பா மேல இருக்கறது ஒரு சீட்டுதான?"

அத்தோடு அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் சிவநாதன் கைகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். எத்தனை தேய்த்தாலும் நகக்கண்ணில் மஞ்சள் நிற்கும்.

"மழை பேய்ஞ்சப்ப தொட்டியைத் திறந்துவிட்டீங்களா?" என்று மங்கை கேட்டாள்.

அவன் திரும்பவில்லை. "கழிவு எடுக்கற லாரி வந்து இருபது நாளாச்சு. தொட்டி ததும்புது. நான் மட்டுமா, தெருவே திறந்துச்சு. மழையோட மழையாப் போனா ஆருக்குத் தெரியப் போகுதுன்னு எத்தனை வருசமாப் பண்ணிட்டிருக்கறோம்."

"இப்பத் தெரியுதுங்க."

"அப்ப நீதான் சொல்லோணும், என்ன பண்றதுன்னு. பட்டறையில பன்னண்டு பேரு நிக்கறாங்க. நாளைக்கி வராதீங்கன்னு சொல்லிரட்டுமா?"

மங்கை அவனுக்குச் சோற்றைப் போட்டு வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அலுவலகத்தில் ஆள் இல்லாத நேரத்தில் சாமான் அறையைத் திறந்தாள். அலமாரியில் வெள்ளை டப்பாக்கள் எண் வரிசையில் இருந்தன. பதினேழாம் எண் டப்பாவின் சீட்டை ஈரத்துணியால் நனைத்து உரித்தாள். நாற்பதாம் எண்ணுக்கு உபரியாக ஒரு டப்பா இருந்தது. அதன் சீட்டைக் கிழித்துவிட்டுப் பதினேழின் சீட்டை ஒட்டினாள். பதினேழின் உண்மையான டப்பாவைத் தன் மேசையருகே இருந்த பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். இனிமேல் இரண்டு தெருக்களின் அழுக்குக்கும் ஒரே முகவரி.

காலனியில் ஷட்டர் விழுந்தால்தான் செப்டிக் டேங்குக்கு அனுமதி வேகமாகக் கிடைக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரு மழைதான், இரண்டு நாள்தான், அதற்குள் தானே ஓடியாடிச் சரிசெய்துவிடலாம். அறையைப் பூட்டி வெளியே வருவதற்குள் அதை அவள் ஏறக்குறைய நம்பியிருந்தாள்.

தெருத் தெருவாகத் தூள் தூவுகிற வேலை வெள்ளையம்மாளுடையது. இருபத்திரண்டு வருடமாகச் சாக்கடை அள்ளியவள், காலனிக்காரி. திங்கள்கிழமை காலையில் டப்பாக்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டு, "வரனுங்க மேடம்" என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டுப் போனாள். மங்கை அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அன்று தலையை மட்டும் ஆட்டினாள்.

முந்தைய மழைக்கு எட்டாம் நாள் பிற்பகலில் மறுபடி மழை இறங்கியது. பட்டியல் வந்தது. பதினேழு பச்சையாக இருந்தது. நாற்பதில் சிவப்பு. குரோமியம் பதினோரு மடங்கு. திரையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி ஓடியது: தெரு எண் நாற்பது, அடைப்பு இறக்கப்பட்டது.

காலனி இருந்த இடம் ஒரு காலத்தில் செங்கல் சூளைக்கு மண் எடுத்த பெருங்குழி. வேறெதற்கும் உதவாது என்று அங்கே எழுபத்தாறு வீடுகளைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஊரின் மேட்டுப் பக்கம்தான், ஆனால் கிண்ணத்தின் அடியைப்போலச் சுற்றிலும் கரை. உள்ளே விழும் தண்ணீர் வெளியேற ஒரே ஒரு ஆழமான சாக்கடை. அதன் வாயில்தான் ஷட்டர்.

மறுநாளும் மழை பெய்தது, அதற்கு மறுநாளும். முதலில் முழங்கால் அளவு நின்ற தண்ணீர் இடுப்புக்கு வந்தது. வழிந்துகொண்டிருந்த செப்டிக் டேங்கும் அதில் கலந்தது. மோட்டார் வைத்து இறைக்க வழியில்லை. இறைக்கும் தண்ணீர் ஓடைக்குத்தான் போக வேண்டும், அதற்கும் உரிமம் தேவை. எல்லோரையும் அரசுப் பள்ளியில் தங்க வைத்தார்கள். செப்டிக் டேங்குக்கான கோப்பைத் தூக்கிக்கொண்டு மங்கை மாவட்ட அலுவலகத்துக்கு மூன்று முறை போனாள். மழை முடியட்டும் பார்க்கலாம் என்றார்கள்.

பதினேழாம் தெருவில் அந்த வாரம் பட்டறைகள் முழு நேரமும் ஓடின. தங்கள் தெரு பச்சையானது தெரிந்ததும், விலாசம் இல்லாத தைரியத்தில் தொட்டிகளை மழையில்லாத வேளையிலும் திறந்துவிட்டார்கள்.

ஷட்டர் விழுந்த பன்னிரண்டாம் நாள் நஞ்சன் செத்துப்போனார். பேரூராட்சிக் குப்பை வண்டியை ஓட்டியவர். தன் இரண்டு ஆடுகளைக் கரையேற்ற அந்தத் தண்ணீருக்குள் பாதி நாள் நின்றிருந்தார். எலிக்காய்ச்சல் என்றார் மருத்துவர். சிறுநீரகம் நின்றுபோய்விட்டதாம். பள்ளி வராந்தாவில் அவரைக் கிடத்தியிருந்தபோது மங்கை போனாள். அவளுக்கு இடம் விட்டு எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். அதிகாரி வந்திருக்கிறார் என்ற மரியாதையோடு நஞ்சனின் மனைவி எழுந்து கும்பிட்டாள். அந்தக் கும்பிடை எங்கே வைத்துக்கொள்வது என்று மங்கைக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை வெள்ளையம்மாள் அலுவலகத்துக்கு வந்தாள். கையில் பதினேழு என்று சீட்டு ஒட்டிய டப்பா இருந்தது. அதை மேசைமேல் வைத்துவிட்டு நின்றாள்.

"உக்காருங்கக்கா."

"இருக்கட்டுங்க மேடம். ஒண்ணு கேக்கோணும்." அவள் குரல் உயரவில்லை. "ஷட்டர்ல ஒட்டுன நோட்டீசுல பட்டறைக் கழிவுன்னு போட்டிருக்குதுங்க. எங்க தெருத் தண்ணி கருப்பா வருமுங்க. நாத்தமடிக்கும். நான் இல்லைங்கல. ஆனா மஞ்சளா வந்து ஒரு நாளும் பாத்ததில்லை. பட்டறை இல்லாத தெருவுல எங்கிருந்துங்க வரும் மஞ்சத் தண்ணி?"

மங்கையின் பார்வை டப்பாவின் சீட்டுக்குப் போனது.

"அன்னிக்கித் தூவப் போனப்ப இந்தச் சீட்டு ஈரமா இருந்துச்சு. பெருவிரல்ல ஒட்டுச்சு. டப்பா மாறிப்போச்சோன்னு ஒரு நிமிசம் நின்னேன். அப்பறம், மேடம் எடுத்து வெச்சதாச்சே, தப்பா இருக்காதுன்னு தூவிட்டேன்." வெள்ளையம்மாள் டப்பாவைப் பார்த்தபடி சொன்னாள். "எங்க தெருப் பேரை என்ற கையாலயே எழுத வெச்சுட்டீங்களே."

வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது. மங்கை எழுந்து பீரோவைத் திறந்தாள். உள்ளேயிருந்த டப்பாவை எடுத்து மேசைமேல், மற்றதன் பக்கத்தில் வைத்தாள்.

"நான்தான் மாத்துனேன் அக்கா. ஆரும் என்ற கையைப் புடிச்சுப் பண்ண வெக்கல."

"நஞ்சன் அண்ணன் போயிட்டாரு."

"தெரியும்."

"இன்னும் நாலு பேருக்குக் காய்ச்சல் அடிக்குது. எங்க வீட்டுக்காரரும் ஒருத்தரு. எனக்கு உங்களைத் திட்டோணும்னு தோணலைங்க. அந்த ஷட்டரைத் திறக்கச் சொல்லுங்க."

மங்கை அப்போதே உட்கார்ந்து ஆணையத்துக்குக் கடிதம் எழுதினாள். எந்தத் தேதியில், எந்த டப்பாவில், எந்தச் சீட்டை மாற்றி ஒட்டினாள் என்று ஒன்றையும் விடாமல் எழுதினாள். வேலை போகும், வழக்கும் வரலாம் என்று தெரிந்தது. அனுப்பும் பொத்தானை அழுத்தும்போது வெள்ளையம்மாள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபது நிமிடத்தில் திரையில் அழைப்பு வந்தது. உரிம ஆய்வாளர் ஆதவன் என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டார். ஐம்பது வயதிருக்கும். தூக்கம் போதாத முகம்.

"உங்க கடிதத்தைப் படிச்சேன் மேடம். இதை நீங்க திரும்ப வாங்கிக்கிறது நல்லது."

"ஏனுங்க?"

"பதிவு பண்ணிட்டா, காட்டினது தப்புன்னு நீங்களே சொன்னதால, உங்க ஊர் எந்தத் தெருவையும் காட்டாத ஊர் ஆயிடும். கடைசி மதகை மூட வேண்டி வரும்."

"அது சட்டம்தானுங்க. பண்ணுங்க. ஆனா நாற்பதை உடனே திறந்து விடுங்க. அது அவங்க அழுக்கு இல்லை."

ஆதவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது எங்களுக்குத் தெரியும் மேடம்."

மங்கைக்கு முதலில் விளங்கவில்லை. "இப்பத்தான கடிதம் அனுப்புனேன்?"

"தூள் சாக்கடைச் சுவர்ல மூணு மாசம் ஒட்டிட்டிருக்கும். புதுசா எதைப் போட்டாலும் பழசும் கொஞ்சம் கரைஞ்சு வரும். நீங்க டப்பாவை மாத்தின பிறகு வந்த தண்ணியிலயும் பத்துல ஒரு பங்கு பதினேழு இருந்துச்சு. குரோமியத்தோட சேர்ந்தே இருந்துச்சு. உங்க பட்டியல்ல பெரும்பங்கு நெம்பர் மட்டும்தான் வரும், எங்களுக்கு எல்லாம் வரும். நாற்பதாம் தெருத் தண்ணியில பதினேழு எப்படி வரும்? முதல் நாளே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா ஷட்டரை இறக்குனீங்க?"

"உரிமத்துல எழுதியிருக்கறது ஒரு தெருவைக் காட்டணும்னுதான் மேடம். அது சரியான தெருவா இருக்கணும்னு எங்கயும் எழுதலை. அந்த ஒரு வரியைச் சேருங்கன்னு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் குறிப்பு அனுப்பினேன். சேர்த்தா எத்தனை ஊரோட உரிமம் போயிடும்னு பார்த்தாங்க. நூத்துப் பதினாலு ஊர். அதோட அந்தக் குறிப்பை ஓரமா எடுத்து வெச்சுட்டாங்க."

"நூத்துப் பதினாலு ஊர்லயுமா டப்பாவை மாத்துனாங்க?"

"ஒவ்வொரு ஊர்லயும் ஒவ்வொரு மாதிரி. ஆனா எல்லா ஊர்லயும் ஒரே மாதிரித் தெருவைத்தான் காட்டினாங்க." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நீங்க மட்டும்தான் கடிதம் எழுதியிருக்கீங்க. வேணும்னா பதிவு பண்றேன். விசாரணைக்கு வர ஏழு வேலை நாள் ஆகும். அதுவரைக்கும் எந்த ஷட்டரும் இப்ப எப்படி இருக்கோ அப்படித்தான் இருக்கும்."

திரை அணைந்தது. இத்தனை நாளும் தான் யாருக்கும் தெரியாமல் ஒரு பாவத்தைச் செய்துவிட்டதாக மங்கை நினைத்திருந்தாள். அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பட்டியலில் அதற்கென்று ஒரு கட்டம்கூடப் போட்டு வைத்திருந்தார்கள், அவள் நிரப்பியிருந்தாள்.

"ஏழு நாள்ங்கறாரு" என்றாள் வெள்ளையம்மாள்.

"கேட்டுச்சுக்கா." மங்கை எழுந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "சாமான் ரூம்புல கடப்பாரை எத்தனை இருக்குது?"

"மூணு. எதுக்குங்க?"

"ஷட்டரை உடைச்சா கடைசி மதகு தன்னால மூடிக்கும். மூடுச்சுன்னா ஊர்த் தண்ணி அத்தனையும் தாழக் கிடக்கற தெருவுலதான் முதல்ல ஏறும். காலனி மேட்டுல இருக்குது, அங்க திரும்பி ஏறாது."

"தாழக் கிடக்கறது எதுங்க?"

"பதினேழு" என்றாள் மங்கை.

பட்டறைக் கழிவை விட வசதியாக இருக்கும் என்றுதான் அந்தத் தெருவை ஒரு காலத்தில் ஓடையை ஒட்டிப் பள்ளத்தில் அமைத்திருந்தார்கள்.

பள்ளியிலிருந்து ஒன்பது பேர் வந்தார்கள். நஞ்சனின் தம்பியும் வந்தான். தூறலில் கரைமேல் நின்று முதலில் மோட்டார்ப் பெட்டியின் பூட்டை உடைத்தார்கள். சங்கிலியை அறுக்க நேரமாயிற்று. கடப்பாரையைத் தகட்டுக்கு அடியில் கொடுத்து எல்லோரும் சேர்ந்து நெம்பினார்கள். மங்கையும் நெம்பினாள். உள்ளங்கை கிழிந்தது. அதிகாரி ஒதுங்கி நிற்கட்டும் என்று யாரும் சொல்லவில்லை.

தகடு ஒரு சாண் எழும்பியதும் தண்ணீர் தானாகவே அதைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தது. கருத்த தண்ணீர். பாத்திரங்கள், செருப்புகள், ஒரு பள்ளிப் பை, எல்லாம் அதில் உருண்டு போயின. யாரும் கைதட்டவில்லை. வீடுகளின் சுவரில் நனைந்த கோடு மெல்ல வெளியே தெரியத் தொடங்கியதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சற்று நேரத்தில் ஊரின் மேற்குக் கடைசியில் சங்கு மூன்று முறை ஊதியது. கடைசி மதகு மூடிக்கொண்டது.

"போங்க மேடம்" என்றாள் வெள்ளையம்மாள். "உங்க தெருவுல சாமானெல்லாம் கீழதான இருக்கும். போயிச் சொல்லுங்க." பிறகு தன் தலையில் போட்டிருந்த சாக்கை எடுத்து அவளிடம் கொடுத்தாள்.

மங்கை ஓட்டமும் நடையுமாகப் போனாள். பதினேழாம் தெருமுனையில் சாக்கடை ஏற்கெனவே விளிம்பு தட்டிவிட்டது. அவள் வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். "மதகு மூடியாச்சு, தண்ணி ஏறுது. அரிசியை மேல வைங்க. பிள்ளைகளை மாடிக்கு ஏத்துங்க. பட்டறையில கரண்டை நிறுத்துங்க." ஏன் என்று கேட்டவர்களிடம், "நான்தான் காலனி ஷட்டரை உடைச்சேன்" என்று ஒளிக்காமல் சொன்னாள். ஒருத்தி அவளை அடிக்கவே கையை ஓங்கினாள். அப்புறம் குழந்தையின் நினைவு வந்து உள்ளே ஓடினாள்.

அவள் தன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர் இருந்தது. தரையில் தோண்டியிருந்த பட்டறைத் தொட்டிகள் ஒவ்வொன்றாக மூழ்கி, அவற்றின் கழிவு மேலே மிதந்து தெரு முழுவதும் விரிந்துகொண்டிருந்தது. சிவநாதன் வேட்டியை மடித்துக் கட்டி வாசற்படியில் நின்றான். மாடிப்படியில் பட்டறை ஆட்கள் நெருக்கி நின்று அவளையே பார்த்தார்கள்.

அவன் கேட்டான். "ஆரு ஊட்டுத் தண்ணி மங்கை இது? காலனித் தண்ணியா?"

மங்கை குனிந்து பார்த்தாள். தன் கால் விரல்களைச் சுற்றித் தண்ணீர் மஞ்சளாகக் கிடந்தது.

"இல்லீங்க" என்றாள். "நம்முளுது."